அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, தம்பி!

கைவேலை கேள்வி – பதில்

கே: 1/72 அளவில் ஒரு மிக்-21 போர் விமான மாடல் செய்து முடித்தேன். ஓடுபாதை ஓரத்தில் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த மாதிரி இருக்கட்டும் என்று செம்பழுப்பில் துரு நிறத்தை உடம்பெல்லாம் அடித்தேன். பார்க்கிறவர்கள் "சேற்றில் விழுந்துவிட்டதா?" என்கிறார்கள். எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

ப: துருவில்தான் தப்பு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிடித்துப் போட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்து அடித்திருப்பீர்கள் போலிருக்கிறது. அவை இரும்புத் தகடு, சிவந்து பொரிந்து உதிரும். விமானத்தின் மேல்தகடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது சிவக்காது, பளபளப்பு செத்து, சாம்பல் பூத்து, ரிவெட் ஓரங்களில் வெள்ளையாகப் பொடி தட்டும். பரணில் கிடக்கும் பழைய அலுமினியக் குண்டானை இறக்கிப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய நிறம் அதில் இருக்கிறது. துரு வேண்டுமென்றால் எஃகு இருக்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: சக்கரக் கால்கள், திருகுத் தலைகள், பின்னால் நெருப்பு கக்கும் குழாயின் வாய், அவ்வளவுதான். மிக்-21இன் மூக்கில் இருக்கும் கூம்பு உலோகமே கிடையாது, ரேடார் அலை ஊடுருவிப் போக வேண்டுமே. அங்கே பெயிண்ட் உரிந்த மாதிரி வெள்ளி நிறப் புள்ளி வைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

அடுத்தது கறை போகும் திசை. பறந்துகொண்டிருக்கிற விமானத்தில் எண்ணெயும் புகையும் காற்றோடு வால் பக்கம் இழுபடும். நிறுத்திவிட்டுப் போன விமானத்தில் எல்லாம் மழைத் தண்ணீரோடு தரையைப் பார்த்து வழியும், ஜன்னல் ஓரம், மூடிகளின் கீழ் விளிம்பு, இறக்கை உடம்போடு சேரும் மூலை, இங்கேயெல்லாம் தேங்கி, காய்ந்து, கோடு போடும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே மாடல் "கிடக்கிற" மாடலாகிவிடும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

செய்முறை இதுதான். முதலில் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன் மேல் அலுமினிய நிறம், நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் ஹேர் ஸ்ப்ரேயை இரண்டு கை அடித்து, அது காய்ந்ததும் மேல் நிறத்தை அக்ரிலிக்கில் மெல்லிசாக ஏற்றுங்கள். அரை மணி போகட்டும். பழைய டூத் பிரஷைத் தண்ணீரில் தொட்டு, உரிய வேண்டிய இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் அடியிலிருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து மேல் பெயிண்ட் தானாகச் செதிலாகக் கிளம்பும், கையால் புள்ளி வைத்தால் இந்த ஒழுங்கின்மை வரவே வராது. இங்கே ஒரு கணக்கை மறக்காதீர்கள்: 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். உங்களுக்குப் பொடிப் புள்ளியாகத் தெரிவது நிஜ விமானத்தில் பெரிய சொட்டை.

உரித்து முடித்ததும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அது இல்லாமல் டர்பன்டைனை உள்ளே விட்டால் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டுப் போகலாம். அதற்கு மேல் கேமல் ஆயில் கலர் டியூபில் ரா அம்பர் என்கிற மண் பழுப்பு கொஞ்சம், வெள்ளை கொஞ்சம், குண்டூசி முனையளவு புள்ளிகளாக வைத்து, டர்பன்டைனில் தொட்டுத் துணியில் ஒற்றியெடுத்த தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிடிக்கவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி இழுங்கள், ஆயில் கலர் அவசரப்படாது. கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

இறக்கையின் மேல்பக்கம்தான் வெயில் வாங்கும் இடம், அங்கே நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வையுங்கள், அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருக்கட்டும். வட்டச் சின்னத்தின் வெளி வளையத்துக் காவியும் அதே மாதிரி வெளிற வேண்டும், டீகால் (மாடலில் ஒட்டும் சின்னம்) பளிச்சென்று இருந்தால் அத்தனை உழைப்பும் வீண். காக்பிட் மூடிக்கு, பளபளப்பு வார்னிஷில் ஒரு துளி மஞ்சள் கலந்து உள்பக்கம் பூசுங்கள். டயரின் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், காற்றுப் போன டயரில்தான் எந்த வண்டியும் அநாதையாகத் தெரியும்.

மிக்-21 நம் விமானப்படைக்கு 1963இல் வந்து 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது, அதனால் காட்சிக்கு வைத்தவை ஊர் ஊராக இருக்கின்றன. உருவ அளவுக்கு அவற்றைப் பாருங்கள், நிறத்துக்குப் பார்க்காதீர்கள். ஏதாவது விழா வந்தால் அவற்றுக்கு மொத்தையாகப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

கே: செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் கைவிடப்பட்டுக் கிடப்பது போலச் செய்ய ஆசை. பொருந்துமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

ப: கற்பனை என்று பலகையில் எழுதி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஐயா. ஆனால் லிபரேட்டருக்குக் கற்பனையே தேவையில்லை, நிஜக் கதையே இருக்கிறது. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்குக் கொடுத்தவை இவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் அவற்றை வரிசையாக நிறுத்தி, யாரும் பறக்க முடியாதபடி கருவிகளை உடைத்து, உடம்பில் ஓட்டை போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து 40 விமானம் போல ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறக்கவிட்டு, முழுசாகப் பழுது பார்த்தார்கள். 1948 கடைசியில் விமானப்படையில் சேர்ந்த அவை 1968 வரை ஓடின. உலகத்தில் இன்று மிச்சமிருக்கும் பி-24களில் பல அப்படி நம்மிடம் பறந்தவைதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கான்பூரைத்தான் செய்வேன். ஒரு வித்தியாசம் கவனியுங்கள்: அவை வயதாகிக் கெட்டவை அல்ல, வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை. பெயிண்ட் அவ்வளவாக வெளிறியிருக்காது, ஆனால் கண்ணாடி நொறுங்கியிருக்கும், தகடு கிழிந்து உள்பக்கமாக மடங்கியிருக்கும். கிழிசலுக்குப் பிளாஸ்டிக்கை உள்பக்கமிருந்து தாள் கனத்துக்குச் சுரண்டி, பிறகு பேனாக்கத்தி முனையால் குத்துங்கள். வாலில் இருக்கும் சுக்கான்களுக்குத் துணி போர்த்தியிருப்பார்கள், ஆகவே அங்கே கிழிந்தால் தகடு மடங்காது, துணி தொங்கி உள்ளே சட்டம் தெரியும். போர் முடியும் காலத்தில் இந்தப் பகுதி பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பே கிடையாது, ஜப்பான்காரன் சின்னம் என்று நினைத்து நம்மாளே சுட்டுவிடக் கூடாதே என்று நீலமும் வெளிர்நீலமுமாக வைத்திருந்தார்கள். டீகால் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: இறக்கை நிஜத்தில் 33.5 மீட்டர், 1/72இல் 46 சென்டிமீட்டருக்கு மேல். ஷோகேஸை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள், வீட்டில் சண்டை வராது.

கே: சித்திரை, வைகாசியில் ஸ்ப்ரே செய்தால் பெயிண்ட் மணல் மணலாக வருகிறது. ஐப்பசி மழையில் வார்னிஷ் வெளுத்துப் போகிறது. மதுரையில் எப்போதுதான் பெயிண்ட் அடிப்பது?
– அஞ்சல் ஊழியர், செல்லூர்

ப: வெயில் காலத்தில் துளி காற்றிலேயே காய்ந்து போய் ஒட்டுகிறது. விடியற்காலையில் அடியுங்கள், பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஓரிரு சொட்டுக் கலந்து, கொஞ்சம் கிட்ட வைத்து அடியுங்கள். மழையில் வெளுப்பது ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்வதால். மழை பெய்கிற நாளில் தொடவே தொடாதீர்கள்.

கே: என் மகன் இந்த வேலையைச் சமையலறை ஓரத்தில் உட்கார்ந்து செய்கிறான். வாடை தாங்கவில்லை. ஆபத்தா?
– இல்லத்தரசி, மேலூர்

ப: ஆபத்துதான் அம்மா. தின்னரும் ஹேர் ஸ்ப்ரேயும் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே வரக் கூடாது. மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், கரி வடிகட்டி வைத்த மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள், துணி மாஸ்க் தூசிக்குத்தான் ஆகும். பிரஷ்ஷை உங்கள் டம்ளரில் கழுவினால் அடிக்கலாம்.

கே: விமானத்துக்கு அடியில் தரை எப்படிச் செய்வது? கடையில் விற்கும் பச்சைப் புல் நம் ஊர் மாதிரியே இல்லை.
– ஒர்க்‌ஷாப் மெக்கானிக், உசிலம்பட்டி

ப: வாங்கவே வேண்டாம். கரிசல் மண்ணையோ செம்மண்ணையோ வாணலியில் வறுத்து, வெள்ளை வேட்டித் துணியில் சலித்தால் விழும் மாவுதான் நிஜப் புழுதி. ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசி அதன் மேல் தூவுங்கள், மீதியை உலர்ந்த பிரஷால் டயர் அடியிலும் இறக்கை மேலும் தட்டுங்கள். காய்ந்த புல்லுக்குச் சணலைப் பொடியாக நறுக்கினால் போதும், பச்சை அடிக்காதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றால் நம் பக்கம் சீமைக்கருவேலம் இல்லாமல் இருக்குமா? மூன்று மீட்டர் உயரப் புதர் 1/72இல் நாலு சென்டிமீட்டர். மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரித்து, பசை தொட்டு, பொடித்த காய்ந்த முருங்கை இலையைத் தூவுங்கள். ஒரு புதரை இறக்கைக்கு அடியிலிருந்து முளைத்து வெளியே வளைந்து வருகிற மாதிரி வையுங்கள். கான்பூர் லிபரேட்டருக்கு வேண்டாம், மிக்குக்கு வையுங்கள்.