குடிநீர் வாரியம் தன் வாடிக்கையாளர்களுக்கு நீர் சேமிப்புத் திட்டம் போடும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதிலிருந்து. வடசென்னையில் உள்ள வியாசர்பாடியில் வளர்ந்தவன் நான், அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே நோட்டீஸ் அடித்துக் கொடுப்பதில் பயனில்லை.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 45 குடம். அடிபம்பில் பிடித்து மாடிக்குத் தூக்குகிற வீட்டில் ஒரு நாளில் 45 குடம் யார் தூக்குவார்கள்? துணி அலசிய தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் ‘சிக்கனமாகச் செலவு பண்ணுங்க’ என்பது நியாயமே இல்லை. அந்தப் பேச்சு சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி), மோட்டார், மேல்தொட்டி உள்ள வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் உரியது. அங்கே முதலில் மீட்டர் வேண்டும். எத்தனை லிட்டர் போகிறது என்றே தெரியாதவர் எதைக் குறைப்பார்? பழைய பிளஷ் தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை இறக்கிவிடும். அதை மாற்ற மானியம் கொடுத்தால்கூட நல்ல செலவுதான்.

அடுத்தது, தண்ணீர் வரும் நேரம். இதைத்தான் பெரும்பாலும் யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. எப்போது வரும் என்று தெரியாத தெருவில் அண்டா, டிரம், வாளி என்று இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். மறுபடி வந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடிப்பார்கள். குழாய் பழசாகிச் சாக்கடை வாடை கலந்தால், அது தெளியும்வரை திறந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதை மக்களின் ஊதாரித்தனம் என்று எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, குழாயை மாற்றினாலே அந்த வீணடிப்பு பெருமளவு நின்றுவிடும்.

தொழிற்சாலைகளும் வாடிக்கையாளர்கள்தான். அதே வடசென்னையின் கொடுங்கையூரில் 2019-ல் திறந்த நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை மறுபடி சுத்தப்படுத்தி நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலிப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பக் கட்டப்பட்டது. மேலே சொன்ன 675 லிட்டர் கணக்கில் பார்த்தால் 66,000 வீடுகளுக்கு மேல் போதுமான அளவு! வீடு வீடாகப் பிரசாரம் செய்து இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

அப்புறம் மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் குழியில் மண் அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே இறங்கும்? ஆவணியிலேயே ஆள் அனுப்பிப் பார்த்து, ஜல்லியைக் கழுவிப் போடச் சொல்ல வேண்டும், ஐப்பசி வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய சந்துகளில் வீட்டுக்கு வீடு குழி தோண்ட இடம் கிடையாது. அங்கே பள்ளி மைதானத்திலோ பூங்காவிலோ பொதுவாக ஒரு கிணறு வெட்டி, தெருவின் கூரைத் தண்ணீரையெல்லாம் அதற்குக் கொண்டுபோகலாம்.