'ஃபேர் யூஸ்'னு கீழ எழுதிட்டா போதுமா?

கேள்வி: எனக்கு உயிரான ஒரு பழைய பாட்டை, பின்னாடி ஒரே ஒரு படத்தை வெச்சு முழுசா யூடியூப்ல போட்டேன். ஒரு பைசா வருமானம் இல்ல. இசையமைப்பாளர், பாடகர் பேரெல்லாம் போட்டேன். 'ஃபேர் யூஸ், காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை'ன்னும் எழுதினேன். அப்படியும் பிளாக் பண்ணிட்டாங்க. ஒரு ரசிகன் நல்ல பாட்டை நாலு பேர்கிட்ட சேர்க்கிறது குத்தமா சார்?

பதில்: சேர்க்கிறது குத்தமில்ல, ஆனா நீங்க சேர்க்கல, முழுப் பாட்டையும் எடுத்து உங்க சேனல்ல குடி வெச்சிருக்கீங்க. அந்த 'எண்ணம் இல்லை' வரியை ஏதோ தாயத்து மாதிரி எல்லாரும் கட்டிக்கிட்டுத் திரியறாங்க, அதை அங்க யாரும் படிக்கிறதே இல்ல. கன்டென்ட் ஐடின்னு ஒரு சிஸ்டம், பாட்டுக்காரங்க முன்னாடியே குடுத்து வெச்ச ஒலியோட உங்க ஒலியை ஒட்டிப் பாக்கும், ஒத்துப்போச்சுன்னா பிளாக் பண்றதா, ஓட விட்டு விளம்பரக் காசை எடுத்துக்கறதா, சும்மா கணக்கு மட்டும் பாக்குறதாங்கறது உரிமையாளர் இஷ்டம். அதனால 'இன்னொருத்தன் போட்டது மட்டும் இருக்கே'ன்னு அடுத்த கடிதம் எழுதிடாதீங்க, அந்தக் காசு யாருக்குப் போகுதோ!

ஃபேர் யூஸ்ங்கறது, அனுமதி கேக்காமலேயே அடுத்தவங்க படைப்பை சில சமயம் நியாயமா எடுத்துக்க விடுற, அமெரிக்க காப்பிரைட் சட்டத்தோட 107வது பிரிவு. எதுக்காக எடுத்தீங்க, எந்த மாதிரி படைப்பு, எவ்வளவு எடுத்தீங்க, அதால அந்தப் படைப்போட மார்க்கெட் அடிபடுமான்னு நாலையும் சேர்த்துப் பாப்பாங்க. நீங்க எடுத்தது முழுசு. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்ககிட்ட கேட்டு முடிச்சவர் ஒரிஜினலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல. காசு வாங்காதது உங்களுக்கு சாதகம்தான், ஆனா அது மட்டுமே காப்பாத்தாது, அதே மாதிரி காசுக்கு வித்ததாலயே ஃபேர் யூஸ் இல்லன்னும் ஆயிடாது, வித்த ஒரு பகடிப் பாட்டு கேஸ்லயே 1994ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதைத்தான் சொல்லுச்சு. முப்பது செகண்டுக்குள்ள இருந்தா தப்பிச்சுக்கலாம்னு ஒரு வதந்தி வேற, அப்படி ஒரு விதி சட்டத்துல எங்கயுமே கிடையாது. இந்தியச் சட்டத்துல 52வது பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம்னு சிலதை அனுமதிக்குது, ஆனா சொந்த உபயோகம்னா உங்க இயர்போன் சார், ஊருக்கே ஒலிபரப்புறது இல்ல. பேர் போடறது மரியாதை, அனுமதி இல்ல.

இதுக்காக பாட்டுக் கம்பெனிங்க எல்லாம் தர்மவான்கள்னு நான் சொல்ல வரல. 2007ல அமெரிக்காவுல ஒரு அம்மா, சமையல்கட்டுல குழந்தை ஆடுறதை 29 செகண்ட் எடுத்துப் போட்டாங்க, பின்னாடி பிரின்ஸ்ங்கற பாடகரோட பாட்டு ஒண்ணு இரைச்சலோட இரைச்சலா ஓடுது, அதையும் தூக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டாங்க. அந்தம்மா விடல, கோர்ட்டுக்குப் போனாங்க. நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இது ஃபேர் யூஸா இருக்குமோன்னு யோசிச்சிருக்கணும்னு 2015ல அப்பீல் கோர்ட் சொல்லுச்சு. அங்க குழந்தைதான் வீடியோ, பாட்டு தற்செயல். உங்க வீடியோவுல பாட்டை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? அந்த ஒரு படம்!

நாலு பேர் கேக்கணும்னா, உரிமையாளரே போட்டிருக்கிற அதிகாரபூர்வ வீடியோ லிங்கைக் குடுங்க. அது போதாதுன்னா பேசுங்க. ரெண்டாவது இடையிசையில வயலின் ஏன் திடீர்னு அடங்குது, சரணத்துல பாடகர் எங்க மூச்சு எடுக்கறார்னு விளக்கிட்டு, அந்த இடத்துல மட்டும் சில செகண்ட் ஓட விடுங்க. அப்பவும் மெஷின் பிடிக்கலாம், ஆனா டிஸ்ப்யூட் போட்டு வாதாட உங்ககிட்ட ஒரு நியாயம் இருக்கும். இப்போதைக்கு அந்த பிளாக்கை எதிர்த்து டிஸ்ப்யூட் போடாதீங்க, தோத்தா ஸ்ட்ரைக், அதாவது உங்க சேனல் மேலயே காப்பிரைட் எச்சரிக்கை விழுற வரைக்கும் போகும்.