மெட்டல்ஹெட் என்றால் யார்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி தன்னை ‘மெட்டல்ஹெட்’ என்று சொல்லிக்கொள்கிறான். அதற்கு என்ன அர்த்தம்? பெயர் எப்படி வந்தது?

எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் அதிர முழங்கும் ராக் இசை வகையான ஹெவி மெட்டலின் தீவிர ரசிகர், அவ்வளவுதான். கிடார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்போதாவது ஒரு பாட்டுக் கேட்பவரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கறுப்பு டி-ஷர்ட், நீள முடி, அந்த இசையின் உட்பிரிவுகளில் த்ராஷ் பெரிதா டெத் மெட்டல் பெரிதா என்று விடிய விடியச் சண்டை, இதெல்லாம் சேர்ந்த ஆள் அவர். ‘ஹெட்’ என்று ஒட்டுவது அமெரிக்கப் பழக்கம்; கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ரசிகர்கள் 1970களிலேயே டெட்ஹெட்.

‘ஹெவி மெட்டல்’ என்ற சொல் 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ‘பார்ன் டு பி வைல்ட்’ பாட்டில் வருகிறது. அங்கே பேச்சு பைக்கைப் பற்றி. 1970 நவம்பரில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் மைக் சாண்டர்ஸ் என்ற விமர்சகர், ஹம்பிள் பை குழுவின் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டபோது இதே சொல்லைப் போட்டார். திட்டுவதற்கு வந்த சொல்லைத்தான் பின்னால் ரசிகர்கள் பெருமையாகச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில், தகட்டை இயந்திரத்தில் அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவன். அதனால் எனக்கு நெருக்கமான ஆள், ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்காரர். 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில், வேலையை விடவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் எடுத்துவிட்டது. (எங்கள் ஷாப்பில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், காரணம் இதுதான்.) அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குத் தந்திகளை ஒன்றரைச் சுரம் இறக்கிக் கட்டினார். தளர்ந்த தந்தியை அழுத்துவது சுலபம். அந்தக் கனத்த ஒலியைப் பிடித்துக்கொண்டு வந்த குழுக்களுக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் மெட்டல்ஹெட்கள் காட்டும் அந்த விரல் முத்திரை. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டியிருக்கும். எங்கள் வீட்டில் போட்டோவைப் பார்த்துவிட்டு “பாபா முத்திரையா?” என்றார்கள். 2002 படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1979இல் பிளாக் சப்பாத்தில் பாடச் சேர்ந்த ரோனி ஜேம்ஸ் டியோதான் இதை மேடையில் பிரபலமாக்கினார். இத்தாலிய வம்சாவளிப் பாட்டி கண் திருஷ்டிக்கு அப்படிக் காட்டுவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் பூசணிக்காய் உடைக்கிறோம், அந்தப் பாட்டிக்கு இரண்டு விரல் போதும்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுக்கள் வாசித்தார்கள். இரண்டாவதற்கு நான் போயிருந்தேன். கூட்டத்தோடு தலையை ஆட்டியதில் கழுத்து வலி போகவே நாளாயிற்று. உங்கள் தம்பி அப்படி ஒரு கச்சேரிக்குப் போகக் கேட்டால் தாராளமாக அனுப்புங்கள். மெடிக்கலில் இயர் பிளக் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நிற்பான்.