மதுரை வானத்தில் குறுங்கோள்கள்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, என்னிடம் 6 இஞ்ச் டெலஸ்கோப் இருக்கு. புளூட்டோ தெரியுமா?

தெரியாது தம்பி. புளூட்டோவின் பிரகாச அளவு 14.4 (இந்த எண் கூடக்கூட ஒளி மங்கல்). உங்கள் 6 இஞ்ச் கும்மிருட்டிலும் 13 சொச்சத்தோடு நின்றுவிடும். 10 இஞ்ச் வேண்டும், 12 இருந்தால் நிம்மதி. ஜூலைக் கடைசியில் அமாவாசையை ஒட்டி, பேரையூர்ப் பக்கம் ஊர் விளக்கு எட்டாத மானாவாரிக் காட்டுக்குப் போங்கள். மகர ராசியில் இருக்கும் புளூட்டோ நள்ளிரவில் நமக்குத் தெற்கே 57 பாகை உயரம் ஏறும். லண்டன்காரருக்கு 15 பாகைதான். புள்ளியாகவே தெரியும் என்பதால் நட்சத்திரத்தோடு குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. பார்த்ததைப் படமாக வரைந்துவைத்து மறுநாள் ஒப்பிடுங்கள். நிலவின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு நகர்ந்திருப்பதுதான் புளூட்டோ.

உசிலம்பட்டி ஆசிரியை: ஏரிஸ் என்ற குறுங்கோள் பெரியதாக இருந்ததால்தான் புளூட்டோவைக் கோள்கள் பட்டியலிலிருந்து நீக்கினார்களா?

இல்லை டீச்சர். 2005இல் ஏரிஸ் அறிவிக்கப்பட்டதும்தான் விவாதம் சூடுபிடித்தது. ஆனால் 2006இல் வைத்த விதி அளவைப் பற்றியது அல்ல: கோள் என்றால் தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தன் ஈர்ப்பால் துப்புரவாக்கியிருக்க வேண்டும். நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் நிறைந்த கைப்பர் பட்டைக்குள் சுற்றும் புளூட்டோ அதைச் செய்யவில்லை. குறுக்களவில் புளூட்டோதான் பெரியது, 2377 கி.மீ.; ஏரிஸ் 2326. நிறையில் மட்டும் ஏரிஸ் சுமார் 27 சதவீதம் கூடுதல்.

மேலூர்: 8 இஞ்ச் நியூட்டோனியன் (கண்ணாடி வகை டெலஸ்கோப்), கேமரா இருக்கு சார். எதை எடுக்கலாம்?

மேக்மேக், ஹவுமியா என்ற இரண்டு குறுங்கோள்கள். இரண்டும் 17ஐ ஒட்டிய பிரகாசம். மார்ச், ஏப்ரலில், நம்மூர் வானம் தெளிந்திருக்கும் நேரத்தில், இரண்டும் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வருகின்றன. இந்த வாய்ப்பை விடாதீர்கள். 60 விநாடி வீதம் 60 படம் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மேக்மேக் 2.5 விகலைதான் (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகரும், இழுபடாது. இரண்டு இரவு எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். 1930இல் கிளைடு டோம்பா புளூட்டோவைக் கண்டதும் இப்படித்தான்.

ஏரிஸ் கடினம். 18.7 பிரகாசம், அக்டோபரில் உகந்த நிலைக்கு வரும்போது நமக்கு வடகிழக்குப் பருவமழை. தை பிறந்ததும் இரவு 7.30 முதல் 9.30 வரை முயலுங்கள்.

அதே மேலூர்: துருவ நட்சத்திரமே தெரியலையே, மவுண்டை (டெலஸ்கோப்பைத் தாங்கிச் சுழற்றும் தலையை) எப்படி நேர்செய்வது?

நமக்கு அது 10 பாகை உயரத்தில்தான், தூசியிலும் தென்னையிலும் மறைந்துவிடும். மவுண்டை ஓடவிட்டு, நட்சத்திரத்தின் நகர்வைப் பார்த்துத் திருத்துங்கள். உச்சிக்கோட்டருகே (வானில் வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோடு) ஒரு நட்சத்திரம் வடக்கே நழுவினால் மவுண்டின் சுழல் அச்சு மேற்கே தள்ளியிருக்கிறது. தெற்கே நழுவினால் கிழக்கே. பிறகு கிழக்கில் தாழ்ந்த நட்சத்திரம்: வடக்கே நழுவினால் அச்சு உயரம் கூடுதல், தெற்கே என்றால் குறைவு. ஐந்து நிமிடம் நழுவாமல் நின்றால் போதும்.

சில மவுண்ட்கள் 10 பாகைக்கு இறங்காது. வடக்குக் காலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று மோட்டாரை ஓட்டுமுன் கையால் சுற்றிப் பாருங்கள். இடித்தால் கியர் போய்விடும்.