பழைய ரிவால்வரா, புதிய ரிவால்வரா?

கே: கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு ரிவால்வர்தான் வாங்க முடியும். சேகரிப்பிலும் இருக்க வேண்டும், வாராவாரம் சுடவும் வேண்டும். பழைய கோல்ட் பைத்தான் வாங்கலாமா, இப்போது வரும் பைத்தானா? பழையதைப் போல இன்று யாரும் செய்வதில்லை என்கிறார்களே?

ப: கோல்ட் இன்று அப்படிச் செய்வதில்லை என்பது உண்மை. ஆனால் அதனால் பழையதே மேல் என்று ஆகிவிடாது.

பைத்தான் 1955-இல் வந்தது. உள்ளே இருக்கும் பாகங்களைக் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்தினார்கள். டிரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரை அசைத்துப் பாருங்கள், அசையாது. சிலிண்டரைச் சுழற்றும் சிறு நெம்பு, குண்டு வெடிக்கும் நொடியிலும் அதை அழுத்திப் பிடித்திருக்கும். எனக்கு அந்தத் துப்பாக்கியின் மேல் மயக்கம் வந்ததே இதனால்தான். ஆனால் அதே அழுத்தத்தால் நெம்பு தேயும். தேய்ந்தால் சிலிண்டர் நேருக்கு வர ஒரு கணம் தாமதமாகும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2020-இல் திரும்பி வந்த பைத்தான் துருப்பிடிக்காத எஃகு. உள்ளே பாகங்கள் குறைவு, குறிபார்க்க உதவும் பின்பக்கக் காட்டிக்குக் கீழே சட்டகம் கூடுதல் பலம். வாராவாரம் மேக்னம் எனும் அதிக அழுத்தத் தோட்டா சுடப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் புதியதை எடுங்கள்.

ஒரே ஒன்றுதான் என்பதால் என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நானாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, 1982-க்கு முன் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ஒன்றைத் தேடுவேன். அதன் குழலைச் சட்டகத்தோடு இணைக்கும் குறுக்கு ஆணி வெளியிலிருந்தே தெரியும், அதுதான் அடையாளம். மாடல் 10-இன் வடிவம் 1899-இலிருந்து வருவது. பல லட்சம் செய்திருக்கிறார்கள், அதனால் உதிரி பாகம் கிடைக்கும். அதில் போடும் .38 ஸ்பெஷல் தோட்டா கைக்கும் இதம், இரும்புக்கும் இதம்.

எதை வாங்கினாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஆறு அறையும் காலி என்று முதலில் கண்ணால் பாருங்கள். அப்புறம் சிலிண்டரில் ஒரு விரலை லேசாக வைத்துத் தடுத்தபடி, சுத்தியலை மெதுவாகப் பின்னே இழுங்கள். சுத்தியல் முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள், சிலிண்டரை நேராக நிறுத்திப் பூட்டும் முளை 'டிக்' என்று விழ வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை பாருங்கள். நான் முதன்முதலாகப் பழையது வாங்கியபோது மூன்றோடு நிறுத்திவிட்டேன். ஐந்தாவது அறையில் முளை விழவே இல்லை. சுடுதளத்தில் குழலின் பின்பக்க வாயின் ஓரத்தில் குண்டு இடித்துச் சீவிய ஈயத் துணுக்கு பக்கத்தில் நின்றிருந்த நண்பரின் கன்னத்தைக் கிழித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அந்த நாளை இன்றும் என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து அளந்துவிடுங்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால், அதில் 4 முதல் 10 பங்கு வரை சரி.

கே: ஒரு வெப்லி மார்க் 6, பழைய பிரிட்டிஷ் ரிவால்வர், கிடைக்கிறது. சிலிண்டரின் பின்புறத்தைச் சீவி, பிஸ்டல்களுக்கான .45 ஏசிபி தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள். சுடலாமா?

ப: கடையில் கிடைக்கும் .45 ஏசிபி தோட்டாவை அதில் போடவே போடாதீர்கள். தோட்டா உள்ளே போகிறது என்பதற்காகத் துப்பாக்கி அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. 1915-இல் வந்த மார்க் 6, அழுத்தம் மிகக் குறைந்த .455 தோட்டாவுக்காகச் செய்தது. .45 ஏசிபியின் உச்ச வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. நன்றாகச் சுட்டதாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். சிலிண்டர் பிளந்த வெப்லிகளும் இருக்கின்றன. ஈயக் குண்டும் குறைந்த வெடிமருந்துமாகத் தோட்டாவைத் தானே நிரப்பத் தெரிந்தவர் என்றால் மட்டும் வாங்குங்கள். சீவிய சிலிண்டருக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் குறைவுதான்.

கே: பழைய கோல்ட் ஒன்றில் நீலப் பூச்சு மங்கிவிட்டது. புதிதாகப் பூசலாமா?

ப: வேண்டாம். பூசும் முன் மெருகு போடுவார்கள். அதில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழியும். தெரிந்தவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். மங்கிய அசலைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். மெல்லிய எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை படும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.