நற்கருணை வழங்கும்போது அப்பம் கீழே விழுந்தால்…

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலில் நற்கருணை வழங்கும் பணியைப் புதிதாக ஏற்றிருக்கிறேன். போன ஞாயிறு திருப்பலியில் ஓர் அப்பம் தரையில் விழுந்துவிட்டது. நற்கருணை வாங்க வந்தவரே குனிந்து எடுத்து உட்கொண்டார். அது சரிதானா? கையில் வாங்குவோரும் நாவில் வாங்குவோரும் மாறி மாறி வரும்போது எனக்குத் தடுமாற்றமாகவும் இருக்கிறது.

பதில்: சகோதரி, அவர் செய்ததில் அவமரியாதை எதுவும் இல்லை. ஆனால் எடுக்க வேண்டியவர் நீங்கள். வரிசையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்பத்தை எடுத்து நீங்களே உட்கொள்ளலாம். அழுக்குப் பட்டு உட்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் தனியே வைத்துக் குருவிடம் கொடுங்கள். அது தண்ணீரில் முழுவதும் கரைந்த பிறகு, சக்ரிஸ்தியில் (குரு திருப்பலிக்கு ஆயத்தமாகும் அறையில்) நேரே மண்ணுக்குள் இறங்கும் வடிகாலில் ஊற்றுவார்கள். விழுந்த இடத்தில் யாரும் மிதிக்காதபடி ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு, திருப்பலி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். திருஇரத்தம், அதாவது அர்ச்சிக்கப்பட்ட இரசம், சிந்தினால் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவியே ஆகவேண்டும். கழுவிய நீரும் அதே வடிகாலுக்குத்தான் போக வேண்டும்.

பெரும்பாலும் அப்பம் விழுவதற்கு அவசரம்தான் காரணம். ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை நீண்டுவிடுகிறது. வாங்குபவரோ ‘ஆமென்’ சொல்ல வாயைத் திறந்துகொண்டிருப்பார். அப்பத்தைச் சற்று உயர்த்திக் காட்டுங்கள், சொல்லுங்கள், ‘ஆமென்’ காதில் விழட்டும், அப்புறம் கொடுங்கள். பாத்திரம் உங்கள் நெஞ்சு உயரத்தில், வாங்குபவரின் தாடைக்கு அருகில் இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பித் தந்தால் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

நாவில் கொடுக்கும்போது அப்பத்தின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நாக்கின் மேல் தட்டையாக வையுங்கள். வாயைச் சரியாகத் திறக்காதவர்களிடம் விரலில் எச்சில் பட்டுவிடும். ஈர விரலில் அடுத்த அப்பம் ஒட்டும், இரண்டு சேர்ந்து வரும், ஒன்று நழுவும். அப்போதே துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கையில் வாங்குவோர் ஒரு கையின் மேல் மறுகையை வைத்து நீட்டுவார்கள். உள்ளங்கையின் நடுவில் வையுங்கள், மேலிருந்து போடாதீர்கள். சிலர் இரண்டு விரலை நீட்டிப் பறிப்பதுபோல எடுக்க வருவார்கள். அப்படித் தாங்களாக எடுத்துக்கொள்ளத் திருச்சபை அனுமதிப்பதில்லை. உள்ளங்கையை விரிக்கும்படி மெல்லச் சொன்னால் போதும். அவர் உங்கள் முன்னாலேயே உட்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பாருங்கள். கையோடு கொண்டு நகர்ந்தால் “இங்கேயே உட்கொள்ளுங்கள்” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

எப்படி வாங்குவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. நாவில் பெறுவது எங்கும் எல்லோருக்கும் உள்ள உரிமை; கையில் பெறுவது ஆயர் பேரவை உரோமையின் ஒப்புதலோடு அனுமதித்த நாடுகளில். திருஇரத்தத்தில் தோய்த்துக் கொடுப்பதானால் நாவில் மட்டுமே கொடுக்க வேண்டும். வாங்குபவர் தாமே தோய்க்கக் கூடாது.

தாடைக்குக் கீழே பிடிக்கும் தட்டு உங்கள் கோவிலில் உண்டா? 2004-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை அதை விட்டுவிடக் கூடாது என்கிறது. பல பங்குகளில் அது அலமாரியில் கிடப்பது வருத்தமாக இருக்கிறது. விழுந்த அப்பமும் உதிர்ந்த துகளும் தரைக்குப் போகாமல் காப்பது அந்தத் தட்டுதான். பிடிக்கும் பீடச்சிறுவனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: தட்டைச் சாய்க்காமல் மட்டமாகவே பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாய்த்தால் பிடித்த துகளெல்லாம் தரையில்தான்.

கொடுத்து முடிந்ததும் பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிடுங்கள். அதைத் துப்புரவு செய்வது குருவோ திருத்தொண்டரோ முறைப்படி நியமனம் பெற்ற பீடத்துணைவரோ செய்ய வேண்டியது. உங்கள் விரல்களில் துகள் ஒட்டியிருக்கலாம். மீதி அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை அருகே இருக்கும் சிறு நீர்க்கிண்ணத்தில் நனைத்துத் துடைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புங்கள்.