கீழ் டி பேசுகிறதா? ஐரிஷ் புல்லாங்குழல் வாங்குவோருக்குக் கேள்வி பதில்

வேலைக்காக அயர்லாந்துக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. வந்த மூன்றாம் வருஷம் ஸ்லைகோ ஊரில் ஒரு செஷனில், அதாவது வாசிப்பவர்கள் கூடி உட்கார்ந்து ஐரிஷ் ட்யூன்கள் வாசிக்கும் இடத்தில், மரக்குழலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. எந்தக் குழல் வாங்குவது என்று கேட்டு வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஸ்கூல் பேண்டில் வாசித்த வெள்ளி ஃப்ளூட் என்னிடம் இருக்கிறது. அதிலேயே ஐரிஷ் ட்யூன் வாசிக்கலாமா, மரக்குழல்தான் வேண்டுமா?

தாராளமாக வாசிக்கலாம். ஐரிஷ் இசையில் பேர்பெற்ற ஜோனி மேடன் வெள்ளிக் குழலில்தான் வாசிக்கிறார், அவர் வாசிப்பை ஐரிஷ் இசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மரக்குழல் இந்த இசைக்குள் வந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1847-இல் உருளை வடிவ உலோகக் குழலைக் கொண்டுவந்தார். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். அவர்கள் கழித்த பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. இந்த இசையின் விரல் வேலை முழுக்க அந்தத் திறந்த ஆறு துளைகளின் மேல் வளர்ந்தது. 'கட்' என்றால் மேலே இருக்கும் ஒரு விரலை மின்னல் மாதிரித் தூக்கி வைப்பது, 'டேப்' என்றால் கீழ் விரலால் ஒரு தட்டு. இரண்டும் சேர்ந்தால் 'ரோல்'. நேரடியாகத் துளை மேல் விரல் விழும்போது கிடைக்கும் அந்தச் சுருக்கென்ற ஓசை, வெள்ளிக் குழலின் உலோக மூடி வழியாக வருவது கடினம். கையில் இருப்பதை வைத்து ஆறு மாதம் ட்யூன் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மரக்குழல் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

சார், ஏழு வருஷம் கர்நாடகக் குழல் கற்றவன் நான். என்னிடம் இருக்கும் மூங்கில் குழலே போதாதா?

உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது, தம்பி. உதடு தயார், விரல் திறந்த துளைக்குப் பழகியது. ஆனால் குழல் வேறு. மூங்கில் உள்ளே ஏறக்குறைய ஒரே அகலம். ஐரிஷ் குழல் தலைப்பகுதியில் சுமார் 19 மில்லிமீட்டரில் தொடங்கி, அடி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அந்தக் குறுகல்தான் மேல் ஸ்தாயியைக் கீழ் ஸ்தாயியோடு சுருதி சேர்க்கிறது, துளைகளை விரலுக்கு எட்டும்படி நெருக்குகிறது, கீழ் ஸ்வரங்களுக்கு அந்தக் கரகரப்பான விளிம்பையும் தருகிறது.

விரல் கணக்கும் மாறும். நமக்கு முதல் இரண்டு துளையை மூடினால் ஸட்ஜம். இங்கே ஆறையும் மூடினால் டி, அதாவது நம் இரண்டு கட்டை. ஒரு வேண்டுகோள்: ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகும் பழக்கத்தை முதல் வருஷம் கட்டிப்போடுங்கள். ரீல் என்ற வேகமான நடன மெட்டில் அது தாளத்தைக் கரைத்துவிடும்.

முதல் குழல் மரமா, டெல்ரினா? பிளாஸ்டிக் என்றால் மனசு ஒப்பவில்லை.

எனக்கும் ஒப்பவில்லை. முதல் குழலை மரத்தில்தான் வாங்கினேன். ஒரு ஜனவரி ராத்திரி ரேடியேட்டர் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தலைப்பகுதியில் ஊதும் துளையைத் தொட்டு மயிரிழைபோல ஒரு விரிசல். உள்ளே உலோகக் குழாய் இருக்கிறது, அது சுருங்காது. வெளியே இருக்கும் மரம் காய்ந்து சுருங்கும். நடுவில் பிளப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. அன்று குழலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், முதல் குழல் டெல்ரினாக இருக்கட்டும். இது கடையில் பார்க்கும் லேசான பிளாஸ்டிக் இல்லை. கனமானது, கடைசல் இயந்திரத்தில் மரத்தைப் போலவே கடைந்து துளையிடுவார்கள். குழலின் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்வடிவமும் ஊதும் துளையின் விளிம்பு வெட்டும்தான். நல்ல கைவினைஞர் வெட்டிய டெல்ரின் குழல், சுமாரானவர் வெட்டிய கருங்காலிக் குழலைவிட நூறு மடங்கு மேல். கால்வேயில் கேரி சோமர்ஸ், அமெரிக்காவில் டேவிட் காப்லி போன்றவர்கள் இதில் நம்பிக்கையான வேலை செய்கிறார்கள். காரில் விட்டாலும் கவலையில்லை, எண்ணெய் பூச வேண்டாம், விற்க நினைத்தால் விலையும் அதிகம் விழாது.

இணையத்தில் 'ஐரிஷ் ஃப்ளூட், ரோஸ்வுட்' என்று ரொம்ப மலிவாக வருகிறதே?

வேண்டாம். அலங்காரப் பெட்டி அழகாக இருக்கும், சுருதி இருக்காது. தொடக்கக்காரர் தன் உதட்டில்தான் கோளாறு என்று நினைத்து மனம் உடைந்து விட்டுவிடுவார். அந்தப் பணத்துக்கு டி சுருதியில் ஒரு டின் விசில் (நேராகப் பிடித்து ஊதும் சிறு உலோகக் குழல்) வாங்குங்கள். விரல் வைப்பு அப்படியே குழலுக்கு வரும்.

எட்டுக் கீ உள்ள குழல் கேட்கட்டுமா, கீ இல்லாததே போதுமா?

கீ இல்லாததே போதும். கீ என்பது ஆறு துளையில் எளிதில் வராத ஸ்வரங்களுக்காக விரலால் அழுத்தும் உலோக நெம்புகோல். செஷனில் வரும் ட்யூன்களில் மிகப் பெரும்பாலானவை டி, ஜி, அவற்றை ஒட்டிய மைனர் வகைகள். ஆறு துளையில் எல்லாம் அடங்கும். சி நேச்சுரல்கூட முதல் துளையைத் திறந்து கீழே சிலவற்றை மூடினால் வந்துவிடும். எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், பி ஃபிளாட் வேண்டும் என்று கை ஏங்கும் நாள் வந்தால் அப்போது பார்க்கலாம். கீ ஒவ்வொன்றும் கையால் செய்வது, விலையை மளமளவென்று ஏற்றிவிடும். பின்னால் கீ பொருத்த வசதியாக மரத்திலேயே மேடு விட்டுக் கடைந்து தரும் கைவினைஞர்கள் உண்டு. ஆசை இருந்தால் அதைக் கேளுங்கள்.

'ரூடால்', 'பிராட்டன்' என்கிறார்களே, அது என்ன?

இரண்டும் 19-ஆம் நூற்றாண்டு லண்டன் குழல்கள். ரூடால் அண்ட் ரோஸ் பட்டறையின் குழல்கள் ஒரு வகை. பிராட்டன் என்ற வாசிப்பாளரின் பெயரில் பூசி நிறுவனம் செய்தவை இன்னொரு வகை. இன்றைய கைவினைஞர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையோ, இவற்றை ஒட்டியோதான் கடைகிறார்கள்.

பிராட்டனுக்கு உள்ளகலமும் விரல் துளைகளும் பெரியவை. காற்றை வாரி விழுங்கும், ஆனால் ஐந்து ஃபிடில், இரண்டு அக்கார்டியன் நடுவிலும் காதில் விழும். ரூடால் சற்று ஒடுங்கியது, குரல் இருண்டு திரண்டு வரும், குறைந்த மூச்சில் நிறைய நிறம் காட்டும். புதியவர்களுக்கு நான் ரூடால் பக்கம்தான் சொல்வேன். சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். பெரிய துளையில் தொடங்கினால் உதடு சீக்கிரம் கெட்டிப்படும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டில் தினம் அரை மணி ஊதத் தோன்றும் குழலில்தான் உதடு கெட்டிப்படும்.

ஏலத்தில் தந்தத் தலை வைத்த பழைய ஜெர்மன் குழல் ஒன்று வருகிறது. எடுக்கட்டுமா?

நான் ஒருமுறை அப்படி எடுத்தேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்தது சுருதி சேராத குழல், இரண்டு விரிசல், காற்று ஒழுகும் கீ. சீர்செய்த செலவில் புது டெல்ரின் வந்திருக்கும்.

அந்தக் காலத்தில் ஏ 440 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) என்ற பொதுச் சுருதி நிலைக்கவில்லை. சில குழல்கள் அதற்குக் கீழே, சில வெகு மேலே. சுருதி சேர்க்க இழுக்கும் உலோகக் குழாயான ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் துளைகளின் இடம் மாறாது. தந்தம் இருந்தால் நாடு விட்டு நாடு கொண்டுபோவதிலும் சட்டச் சிக்கல் வரும். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் எடுத்து ஊதிப் பார்க்காமல் பழைய குழலை வாங்காதீர்கள்.

கடைக்காரர் கையில் கொடுத்தால், எனக்கு என்ன ஊதிப் பார்ப்பது என்றே தெரியாது. எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு துளையையும் மூடி, கீழ் டியை ஊதுங்கள். முதலில் மெதுவாக. காற்றுச் சத்தம் கலந்த ஒரு மந்தமான ஒலி வரும். அப்படியே உதட்டை இறுக்கி, காற்றைக் கீழ்நோக்கி ஊதும் துளையின் எதிர் விளிம்பில் செலுத்துங்கள். நல்ல குழலில் ஒரு கணத்தில் ஒலியின் நிறம் மாறும். உள்ளிருந்து யாரோ நாணல் சீவாளி வைத்து ஊதுகிறமாதிரி ஒரு ரீங்காரம் எழும், இடது ஆள்காட்டி விரலின் அடியில் மரம் அதிர்வது தெரியும். மேல் ஸ்தாயிக்குத் தாவாமல் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதைத்தான் இங்கே 'ஹார்ட் டி' என்பார்கள். ஐரிஷ் குழல் வாசிப்பாளர் மேட் மொல்லாய் வாசிப்பைக் கேட்டால், ரீலின் அடியில் அது இடியாக விழுவது தெரியும். நான் குழல் பார்க்கப் போனால் முதல் ஐந்து நிமிஷம் இதைத் தவிர வேறு எதுவும் ஊதுவதில்லை.

பிறகு ஈ ஸ்வரம். பல குழல்களில் இதுதான் நோஞ்சான் ஸ்வரம். எஃப் ஷார்ப் இறங்கி நிற்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள், ஏ 440-க்குச் சேரும்போது ஸ்லைடு சில மில்லிமீட்டர் வெளியே இருக்க வேண்டும். முழுக்க உள்ளே தள்ளினால்தான் சேர்கிறது என்றால், குளிரில் குழல் சுருதி இறங்கும்போது உங்களுக்கு இடமே இருக்காது.

உங்களுக்கு இன்னும் உதடு வரவில்லை என்றால் வாசிப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜூலையில் கிளேர் மாவட்டம் மில்டவுன் மால்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளிக்குப் போனால் ஒரே வாரத்தில் பல கைகளில் பல குழல்களைக் கேட்கலாம்.

என் விரல் குட்டை. கடைசித் துளை எட்டவில்லை.

விரல் நுனியை விடுங்கள். உய்லியன் பைப் (காற்றுப் பை வைத்த ஐரிஷ் கருவி) வாசிப்பவர்போல விரலை நீட்டி, நடுக்கணுச் சதையால் மூடுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் சிறு துளைக் குழலாகக் கேளுங்கள்.

மரக்குழலைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா? கஸ்டம்ஸில் பிடிப்பார்களா?

மரக்குழல்களுக்கு அதிகம் பயன்படும் ஆப்பிரிக்கக் கருமரம், டல்பெர்ஜியா என்ற மரப் பேரினத்தைச் சேர்ந்தது. 2017-இல் அந்தப் பேரினம் முழுக்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்துவிட்டது. தந்தம் இல்லாத வரை பயமில்லை. கவலைப்பட வேண்டியது காற்றின் ஈரத்தைப் பற்றி. சென்னையில் ஒரு மாதம் ஈரம் குடித்த மரத்தை ஹீட்டர் ஓடும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும்போதுதான் விரிசல் விழும். மூடிய டப்பாவில், சிறு ஈரப்பஞ்சோடு வையுங்கள். முதல் வாரம் பத்துப் பத்து நிமிஷமாக ஊதுங்கள். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்து, இணைப்புகளைக் கழற்றி வையுங்கள்.

எனக்கு 61 வயது. இனிமேல் மூச்சு போதுமா?

போதும், ஐயா. உதடு திறக்கும் இடைவெளி சிறுத்தால் செலவாகும் காற்றும் சிறுக்கும். ரீலில் மூச்செடுக்க ஓய்வே கிடையாது என்பதால் எல்லோரும் நடுவில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டுத்தான் மூச்சு எடுக்கிறார்கள். எங்கே விடுகிறார் என்பதை வைத்தே ஆளை அடையாளம் சொல்லலாம். உங்களுக்குச் சிறு துளை ரூடால் வகை, டெல்ரினில். ஸ்லைகோ பக்கம் வந்தால் ஞாயிறு மத்தியானம் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் இரண்டு குழல் இருக்கிறது, இரண்டையும் ஊதிப் பாருங்கள்.